100 டாலருக்கு 15 டாலர் கட்டணம்: சம்பளநாள் கடனில் அப்படி என்ன ஆபத்து?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: அமெரிக்காவில் ‘பேடே லோன்’ என்கிற சம்பளநாள் கடனுக்கு 400 சதவீத வட்டி என்று எல்லோரும் பதறுகிறார்கள், ஆனால் கணக்குப் பார்த்தால் 100 டாலருக்கு 15 டாலர் கட்டணம்தான், கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் வங்கி போடும் அபராதமே அதைவிட அதிகம், அப்படியிருக்க வேறு யாரும் கடன் தராத ஏழைகளுக்கு இருக்கும் இந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டால் யாருக்கு நல்லது? ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர் என்ன செய்யலாம் என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இப்படிக் கேட்பவர்களைக் கடன் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், அது தப்பு. நான் இங்கே லாப நோக்கமில்லாத கடன் ஆலோசனை மையம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களிடம் வருபவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டவர்கள். கடன் வாங்கி, சொன்ன நாளில் அடைத்து, அத்தோடு அதை மறந்துவிட்டவருக்கு எங்களிடம் வர வேண்டிய தேவையே இல்லை. ஆகவே கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து நான் முடிவு சொன்னால் அது ஒருபக்கமாகத்தான் இருக்கும், அதனால் ஆய்வுகளையும் சேர்த்தே பேசுகிறேன்.

கடன் கொடுக்கும் முறை எளிமையானது. போகிறவர் காட்ட வேண்டியது அடையாள அட்டை, சம்பளச் சீட்டு அல்லது வேறு வருமான ஆதாரம், நடப்பில் உள்ள வங்கிக் கணக்கு, இவ்வளவுதான். வாங்கும் தொகையோடு கட்டணத்தையும் சேர்த்து, அடுத்த சம்பள தேதி போட்டு ஒரு செக் எழுதிக் கொடுக்கிறார், அல்லது கணக்கிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளச் சம்மதம் எழுதித் தருகிறார். சற்று நேரத்தில் பணம் கைக்கு வந்துவிடும். பல மாநிலங்களில் ஒரு கடனுக்கு உச்சவரம்பு 500 டாலர். 100க்கு 15 என்பதை 14 நாளுக்கு வைத்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் 391 சதவீதம் வரும், பேச்சுவழக்கில் 400 என்பது அதுதான். உங்கள் கணக்கு சரி. இரண்டு வாரத்தில் உண்மையிலேயே முடித்துவிடுகிறவருக்கு இந்த 391 என்ற எண்ணால் பெரிதாக ஒன்றும் இல்லை, அவர் கொடுத்தது 100க்கு 15, அவ்வளவே. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்த இரண்டு வாரத்தில் கடன் முடிவதில்லை, தகராறு முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். எங்கள் மேஜைக்கு வரும் கணக்குகள் பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கும், எண்களை மட்டும் உங்கள் வசதிக்காக முழு எண்ணாக எடுத்துக்கொள்கிறேன். கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது 900 டாலர். வாடகை, மின்கட்டணம், கார் தவணை, பெட்ரோல், சாப்பாடு, ஃபோன் எல்லாம் போனால் அந்த 900 சரியாகப் போய்விடும். ஒரு சம்பளத்தில் 20 டாலர் மிஞ்சும், அடுத்ததில் 30 இடிக்கும். வாடகைக்கு 400 குறைகிறது என்று கடன் வாங்குகிறார். பதினான்காம் நாள் 460 டாலரை மொத்தமாக வைக்க வேண்டும். வைத்தால் மிச்சம் 440 டாலர், அதை வைத்துக்கொண்டு 900 டாலர் செலவை ஓட்ட வேண்டும். எப்படி முடியும்? 460ஐக் கட்டிய கையோடு அதே கவுன்டரில் மறுபடி 400 வாங்குகிறார், அல்லது 60 டாலரை மட்டும் கட்டிவிட்டுக் கெடுவைத் தள்ளிப்போடுகிறார். கடைக்காரர் ஏட்டில் இரண்டுக்கும் பெயர் வேறு, வாங்கியவர் பர்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான். இப்படிப் பத்துத் தடவை போனால் கிட்டத்தட்ட ஐந்து மாதம் ஓடியிருக்கும், 600 டாலர் கட்டியிருப்பார், அசல் 400 அப்படியே நிற்கும். இந்த இடத்தில் அவரைக் கட்டிப்போட்டிருப்பது 60 டாலர் கட்டணமா என்று கேட்டால், அதைவிடப் பெரிய காரணம் 400ஐயும் ஒரே மூச்சில் திருப்பிக் கேட்பதுதான் என்பேன். ஒரு சம்பளத்தில் 40 டாலர் வீதம் அசலில் கழித்துக்கொள்ள விட்டிருந்தால், இழுத்துப்பறித்தாவது அதே பத்துத் தவணையில் கடன் முடிந்திருக்கும்.

இது ஏதோ துரதிர்ஷ்டசாலிகளின் கதை என்று நினைக்க வேண்டாம். பியூ சாரிட்டபிள் டிரஸ்ட்ஸ் என்ற லாப நோக்கமில்லாத ஆய்வு அமைப்பு 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி ஆண்டுக்கு 1.2 கோடி அமெரிக்கர்கள் இந்தக் கடனை வாங்குகிறார்கள். சராசரியாக ஒருவர் 375 டாலர் கடனை ஆண்டில் எட்டுத் தடவை வாங்கி, கட்டணமாக மட்டும் 520 டாலர் கட்டி, வருஷத்தில் ஐந்து மாதம் கடனிலேயே இருக்கிறார். அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, அதாவது சி.எஃப்.பி.பி., 2014இல் கடன் கம்பெனிகளின் பதிவேடுகளையே எடுத்துப் பார்த்தபோது 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட கடன்கள் 14 நாளுக்குள் புதுப்பிக்கப்பட்டோ, மறுகடனாகவோ தொடர்ந்திருந்தன. இந்த 80ஐ மேற்கோள் காட்டும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், இது கடன்களை எண்ணிய கணக்கு, ஆட்களை எண்ணியது இல்லை. பத்துத் தடவை வாங்கியவர் இதில் பத்துத் தடவை வருவார். கம்பெனிகள் இதைச் சுட்டிக்காட்டுவது நியாயம்தான். ஆனால் ஆட்களை எண்ணினாலும் படம் பெரிதாக மாறவில்லை. அதே அமைப்பு ஓராண்டு பின்தொடர்ந்து பார்த்ததில், வாங்கிய எல்லாக் கடனையும் கெடுவுக்குள் அடைத்து உடனே மறுகடன் வாங்காமல் இருந்தவர்கள் 15 சதவீதம்தான். ஒரு தடவையாவது புதுப்பித்தவர்கள் 64 சதவீதம், எங்காவது ஒரு கட்டத்தில் கட்ட முடியாமல் போனவர்கள் 20 சதவீதம். கடை வாடகையும் ஆள் சம்பளமும் வாராக்கடனும் போக இந்தத் தொழில் ஓடுவதே திரும்பத் திரும்ப வருகிறவர்களை வைத்துத்தான். விளம்பரத்தில் சொல்லும் ‘அவசரத்துக்கு இரண்டு வாரம்’ வாடிக்கையாளர்கள் மட்டும் வந்தால் பாதிக் கடைகளை மூட வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

எதற்காக வாங்குகிறார்கள் என்பதும் முக்கியம். பியூ கேட்டபோது, முதல் கடனை வாடகை, மின்கட்டணம், உணவு போன்ற வழக்கமான செலவுக்கு வாங்கியதாக 69 சதவீதம் பேர் சொன்னார்கள். கார் பழுது, மருத்துவச் செலவு மாதிரியான எதிர்பாராத செலவு என்றவர்கள் 16 சதவீதம். திடீர் செலவுக்கு வாங்கும் கடன் என்றால் செலவு முடிந்ததும் நிலைமை பழையபடி ஆகிவிடும், அடைத்துவிடலாம். மாதாமாதம் வரவைவிடச் செலவு கூடுதலாக இருக்கிறவருக்கு அடுத்த சம்பளத்திலும் அதே துண்டு விழும், கூடவே 60 டாலர் சேர்ந்து விழும். நிலையான வருமானம் இல்லாதவர்களும் வங்கிக் கணக்கே இல்லாதவர்களும் இந்தக் கடனை வாங்குவது கடினம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வாங்குகிறவர் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர், வாடகை வீட்டில் இருக்கிறவர், ஆண்டு வருமானம் 40,000 டாலருக்குக் கீழே இருக்கிறவர், கறுப்பினத்தவரும் மணமுறிவு ஆனவர்களும் மக்கள்தொகையில் அவர்கள் பங்கைவிடக் கூடுதல்.

அடுத்து வங்கி அபராதத்தோடு நீங்கள் செய்த ஒப்பீடு. இது பழைய வாதம், ஒரு காலத்தில் வலுவாகவும் இருந்தது. செக் திரும்பினால் 35 டாலர் போய்க்கொண்டிருந்த நாளில் 15 டாலர் மலிவுதான். இப்போது நிலைமை வேறு, பெரிய வங்கிகள் பலவும் 2022 வாக்கில் அந்த அபராதத்தை எடுத்துவிட்டன அல்லது வெகுவாகக் குறைத்துவிட்டன. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சம்பளநாள் கடன் வங்கி அபராதத்துக்கு மாற்று என்று சொல்லும்போது, அந்த அபராதத்தையே அது வரவழைக்கும் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. சம்பளம் கணக்கில் விழுந்த அன்றே கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ள முடியும், வாடகைக்கு முன்னால், மின்கட்டணத்துக்கு முன்னால். அன்று பணம் இல்லையென்றால் என்ன நடக்கிறது என்பதை ஆன்லைனில் கடன் வாங்கிய ஒருவரின் வங்கிக் கணக்கறிக்கையில் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை 460 டாலருக்கு ஒரு வரி, பணமில்லை, அதற்குக் கீழே 35 டாலர் அபராதம். அடுத்து 230க்கு ஒரு வரி, அதுவும் திரும்புகிறது, மறுபடி 35. அப்புறம் 100க்கு ஒரு வரி, இந்த முறை பிடித்துவிட்டது, கணக்கு மைனஸில் போய்விட்டது, அதற்கும் 35. கடன் 100 குறைந்தது, வங்கிக்கு 105 போனது. சி.எஃப்.பி.பி. 2016இல் ஆன்லைன் கடன் வாங்கியவர்களின் கணக்குகளை ஆராய்ந்தபோது பாதிப்பேர் இப்படி அபராதம் கட்டியிருந்தார்கள், சராசரி 185 டாலர், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களின் கணக்கை வங்கியே மூடிவிட்டது. கணக்குப் போய்விட்டால் சம்பளச் செக்கை மாற்றவே கட்டணம் கொடுக்க வேண்டிய நிலை வரும்.

‘தெரிந்துதானே வாங்குகிறார்கள்?’ என்கிற கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆம், பெரும்பாலும் தெரிந்துதான் வாங்குகிறார்கள். ஏழைகளுக்குக் கணக்குத் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், எந்த பில்லை எந்த நாள் வரை இழுத்தடிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு எனக்குத் தெரியாது. இண்டியானா மாநிலத்தில் ஆல்காட், கிம், டாபின்ஸ்கி, ஜின்மன் ஆகிய பொருளியலாளர்கள் செய்த ஆய்வில், மறுபடி கடன் வாங்க வேண்டிவரும் வாய்ப்பு எவ்வளவு என்று வாங்கும்போதே கேட்டார்கள். சராசரியாக 70 சதவீதம் என்றார்கள், நடந்தது 74. புதிதாக வந்தவர்கள்தான் கூடுதலாக ஏமாந்தார்கள், பழகியவர்கள் சரியாகவே கணித்தார்கள். தெரிந்தே ஏன் வாங்குகிறார்கள் என்றால் நாளைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்பதால். இதோடு இன்னோர் ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரியான் பெர்ட்ராண்டும் அடேர் மோர்ஸும் கடன் கொடுக்கும்போது உறையில், சதவீதத்தை விட்டுவிட்டு, மூன்று மாதம் இழுத்தால் மொத்தம் எத்தனை டாலர் போகும் என்று அச்சடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன்பின் கடன் வாங்குவது 11 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. தகவல் உதவுகிறது, ஆனால் மிச்சம் 89 இருக்கிறது. வெறும் விழிப்புணர்வு வகுப்பு நடத்தினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

சரி, தடை செய்தால் நல்லதா கெட்டதா? இதுவரை சொன்னதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இந்த இடத்தில் மட்டும் ஆய்வுகளே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, உறுதியாகப் பேசுகிறவரை நம்பாதீர்கள், எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி. அதே அடேர் மோர்ஸ் கலிஃபோர்னியாவில் இயற்கைப் பேரிடருக்குப் பிறகு பார்த்தபோது, சம்பளநாள் கடன் கிடைத்த பகுதிகளில் வீடுகள் ஏலத்துக்குப் போவது குறைவாக இருந்தது. ஒரேகான் மாநிலம் வட்டிக்கு வரம்பு வைத்தபோது, கடன் கிடைக்காதவர்கள் பில்லைத் தாமதமாகக் கட்டுவது, கணக்கை மைனஸில் ஓட்டுவது என்று போனார்கள், நிலைமை மோசமானதாக அவர்களே சொன்னார்கள் என்று ஜின்மன் எழுதினார். மறுபக்கம் பிரையன் மெல்ஸர், இந்தக் கடனுக்குத் தடையுள்ள மாநிலங்களின் எல்லையோரக் குடும்பங்களை எடுத்துக்கொண்டு, பக்கத்து மாநிலக் கடை எட்டும் தூரத்தில் இருக்கிறவர்கள் வாடகையும் மின்கட்டணமும் கட்டக் கூடுதலாகத் திணறுவதைக் காட்டினார். விமானப்படை வீரர்களிடம் செய்த ஆய்வில் கடன் எட்டும் இடத்தில் வேலைத்திறன் குறைவதாக வந்தது. இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது: ஒரே ஒரு தடவை வரும் பேரிடி விழுந்தவருக்கு இந்தக் கடன் உண்மையாகவே கைகொடுக்கிறது, மாதாமாதம் பற்றாக்குறையில் ஓடுகிறவரைக் கெடுக்கிறது, கடைக்கு வருகிறவர்களில் இரண்டாம் வகை அதிகம். முதல் வகையினர் இருக்கிறார்கள் என்பதை மட்டும் காட்டி இரண்டாம் வகையினரை மறைப்பது நேர்மையில்லை.

அதனால் தடையா அனுமதியா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பதைவிடத் திருப்பிக் கட்டும் முறையைப் பற்றிக் கேட்பது பயனுள்ளது என்பேன். கொலராடோ இதற்கு நல்ல உதாரணம். 2010இல் அங்கே இரண்டு வாரக் கடனை ஒழித்து, குறைந்தபட்சம் ஆறு மாதம் தவணையில் கட்டலாம், முன்கூட்டி முடித்தால் அபராதம் இல்லை என்று சட்டம் போட்டார்கள். பாதிக்கடைகள் மூடின, ஆனால் கடன் கிடைக்காமல் போகவில்லை, மீதிக் கடைகளில் கூட்டம் கூடியது. பியூ கணக்கிட்டபடி கடன் வாங்கியவர்களின் செலவு 42 சதவீதம் குறைந்தது. வட்டி அப்போதும் 100 சதவீதத்தைத் தாண்டியதுதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை, 2018இல் வாக்காளர்களே பெரும்பான்மையாக வாக்களித்து 36 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். பிரிட்டன் வேறு வழியில் போனது: 2015 ஜனவரியிலிருந்து நாளுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, தவறினால் 15 பவுண்டுக்கு மேல் அபராதம் கூடாது, என்ன ஆனாலும் வாங்கிய தொகையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மொத்தமாக வசூலிக்கக் கூடாது. எத்தனை மாதம் இழுத்தாலும் கடன் ஓர் இடத்தில் நின்றுவிடும் என்பது, வாங்கியவருக்குத் தூக்கம் வரவைக்கும் விதி. அங்கே கொடிகட்டிப் பறந்த வோங்கா நிறுவனம், பழைய வாடிக்கையாளர்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்து, 2018இல் திவாலானது.

அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே விதி இல்லை. சுமார் 20 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் 36 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ வரம்பு வைத்து இந்தக் கடனைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கிவிட்டன. இப்படி வரம்பு வைப்பது புதிதல்ல; 1910களில் ரஸல் சேஜ் அறக்கட்டளை சம்பளத்தை அடகு பிடித்த வட்டிக்காரர்களை ஒழிக்க மாதிரிச் சட்டம் எழுதியபோதே மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்று வைத்தது. 2006இல் நாடாளுமன்றம் ராணுவத்தினருக்கும் குடும்பத்தினருக்கும் 36க்கு மேல் வாங்கக் கூடாது என்றது, இந்தக் கடன் படையின் தயார்நிலையைக் கெடுக்கிறது என்று பாதுகாப்புத் துறையே புகார் சொன்னதால். ராணுவ வீரருக்கு ஆபத்தான கடன் அதே தெருவில் இருக்கும் நர்ஸ் உதவியாளருக்கு எப்படிப் பொருத்தமாகும் என்று எனக்கு இன்றுவரை யாரும் சொன்னதில்லை. டெக்சஸில் கம்பெனிகள் கடன் கொடுப்பவராக இல்லாமல் ‘தரகர்’ என்று பதிவு செய்துகொண்டு கட்டணத்துக்கு வரம்பே இல்லாமல் வாங்குகின்றன. கட்டும் சக்தி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சி.எஃப்.பி.பி. 2017இல் கொண்டுவந்த விதியை அதே அமைப்பு 2020இல் எடுத்துவிட்டது. இரண்டு தடவை தொடர்ந்து திரும்பினால் புதுச் சம்மதம் இல்லாமல் கணக்கைத் தொடக் கூடாது என்ற பகுதி மட்டும் தப்பியது, 2025 மார்ச்சில் அதையும் கறாராக அமல்படுத்துவதற்கு முன்னுரிமை தரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன், மாட்டிக்கொண்டவர் என்ன செய்யலாம். முதலில் பயத்தை விடச் சொல்லுங்கள்: இந்தக் கடனைக் கட்டாததற்காகச் சிறை கிடையாது, கைது செய்வோம் என்று வசூல்காரர் மிரட்டுவதையே 1977ஆம் ஆண்டுக் கடன் வசூல் சட்டம் தடை செய்கிறது. ஆனால் கோர்ட்டிலிருந்து வரும் அழைப்பாணையை மட்டும் ஒருபோதும் கிடப்பில் போடக் கூடாது, போகாவிட்டால் தீர்ப்பு அவர்கள் பக்கம் போய்ச் சம்பளத்திலேயே பிடித்தம் செய்யும் நிலை பல மாநிலங்களில் உண்டு. இரண்டாவது, மறுபடி புதுப்பிப்பதற்கு முன்னால், கெடு நாளுக்கு முன்பே கடைக்குப் போய் நீட்டிக்கப்பட்ட தவணைத் திட்டம் வேண்டும் என்று கேட்க வேண்டும். பல மாநிலங்களில் கூடுதல் கட்டணம் இல்லாமல் அசலைத் தவணையாகக் கட்ட இடம் கொடுக்கச் சட்டமே இருக்கிறது, கேட்காதவருக்குப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, கணக்கிலிருந்து எடுக்கும் சம்மதத்தை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. கடன் கொடுத்தவருக்கு ஒரு கடிதம், வங்கிக்கு ஒரு கடிதம், எடுக்கும் தேதிக்குக் குறைந்தது மூன்று வேலை நாளுக்கு முன்னால். கடன் போய்விடாது, ஆனால் வாடகைப் பணம் முதலில் வாடகைக்குப் போகும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தக் கம்பெனிக்கு உங்கள் மாநிலத்தில் உரிமம் இருக்கிறதா என்று மாநில நிதி ஒழுங்குமுறை அலுவலகத்தில் கேளுங்கள், உரிமம் இல்லாமல் கொடுத்த கடன் சில மாநிலங்களில் செல்லவே செல்லாது. வேறு கடன் வாங்கித்தான் இதை முடிக்க வேண்டும் என்றால் கிரெடிட் யூனியன் என்கிற கூட்டுறவுக் கடன் சங்கத்தில் சேருங்கள். கூட்டாட்சி கிரெடிட் யூனியன்கள் 2010 முதல் இதற்கென்றே கொடுக்கும் சிறுகடனில் வட்டி 28 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மேல் கூடாது, கட்டுவதற்கு மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. சம்பளத்தை முன்கூட்டியே தருகிறோம் என்று வரும் செயலிகள் பக்கம் உடனே ஓட வேண்டாம், ‘டிப்ஸ்’ என்றும் ‘உடனடிக் கட்டணம்’ என்றும் அவை வாங்குவதை ஆண்டுக்குக் கணக்கிட்டால் பல நேரம் 100 சதவீதத்துக்கு மேல் போகிறது, அடுத்த சம்பளத்தில் மொத்தமாகக் கழித்துக்கொள்ளும் அதே வடிவம்தான் அங்கேயும். எந்த மாநிலம், கடன் கடையில் வாங்கியதா ஆன்லைனா, கெடு என்றைக்கு, இந்த மூன்றையும் சொன்னால் அந்த மாநிலத்தில் தவணைத் திட்டம் கேட்க வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.